பம்ப் சத்தம் வருதா?

"செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆகல." கடைக்கு வரும் போன்களில் பல இந்த ஒரு வரியோடுதான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். "சார், செல்ஃப் அடிக்காதீங்க. சாவியை ஆன் பொசிஷன்ல மட்டும் வச்சுட்டு, ரேடியோ, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டு, பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்க. 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் ரெண்டு செகண்ட் வந்து நிக்குதா?"

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் செய்ததும் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி, லைனில் பிரஷர் ஏற்றி வைத்துவிட்டு நிற்கும். அந்தச் சத்தம் வந்தால் ஸ்பார்க், சென்சார் என்று வேறு பக்கம் தேடலாம். வரவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டியவை வரிசையாக நிற்கின்றன: ஃப்யூஸ், ரிலே, வயர், எர்த், பம்ப். இந்த வரிசையில் பம்ப் கடைசி. ஆனால் நிறையப் பேர் முதலில் கழற்றுவது அதைத்தான். ரிலே சில நூறு ரூபாய் சாமான். பம்ப் அசெம்பிளி பல ஆயிரம். இந்த வித்தியாசம் வண்டிக்காரர் தலையில் விழக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எங்கள் கடை வேலூரில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிற வண்டிகள், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஓரங்கட்டி நின்றுபோன வண்டிகள், ஆம்பூரில் சாப்பிட இறங்கித் திரும்பி வந்து சாவி போட்டால் உயிர் வராத வண்டிகள் எல்லாம் எங்களைத் தேடி வரும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி சமயத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே கிடையாது. கண்ணாடி ஏற்றி வெயிலில் விட்ட காருக்குள் 60 டிகிரிக்கு மேலேயும் போகும். ரிலே பற்றி நான் கற்றதில் பாதியைக் கற்றுக்கொடுத்தது இந்த வெயில்தான்.

நான் தொழிலுக்கு வந்தது கார்புரேட்டர் காலம். பத்மினியிலும் மாருதி 800லும் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட உள்ளே டயஃப்ரம் ஏறி இறங்கிப் பெட்ரோலை உறிஞ்சித் தரும். கரன்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோடையில் ஏலகிரி மலை ஏறும்போது பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், ஈரத் துணியைப் பிழிந்து அதன் மேல் போட்டுக் கால் மணி நேரம் நின்றால் போதும். 1998ல் சான்ட்ரோ வந்தது. 2000ஐ ஒட்டி மாருதியின் வண்டிகளும் எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் வண்டிகள் ஆயின. கார்புரேட்டருக்கு வேண்டியது ஒரு சொட்டு பிரஷர்தான். இன்ஜெக்டருக்கோ 3 பார் வரை வேண்டும். அதற்காகப் பம்ப் டேங்க்குக்குள் போய்ப் பெட்ரோலில் மூழ்கியது, மோட்டார் ஆனது. மோட்டார் வந்ததும் கூடவே ரிலேயும் வந்தது. அதுவரை மெக்கானிக் கையில் இருந்த பெட்ரோல் கோளாறு அன்றைக்கு எலக்ட்ரீஷியன் கைக்கு வந்துவிட்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய், ஒரு பழைய ரிலேயின் மூடியை நெம்பிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இதுல ரெண்டு வேலைக்காரன் இருக்கான், தனித்தனியாப் பாரு" என்றார். ஒருவன் காயில், மற்றவன் பாயின்ட். காயிலுக்குக் கரன்ட் போனால் அது காந்தமாகி ஒரு இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு இழுபட்டதும் இரண்டு பாயின்ட்டும் ஒட்டி, பேட்டரியிலிருந்து பம்ப்புக்கு வழி திறக்கும். மூடியின் மேல் போட்டிருக்கும் எண்கள் ஜெர்மன்காரர்களின் டிஐஎன் கணக்கு: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன், 87 என்றால் பம்ப்புக்குப் போவது, 85ம் 86ம் காயிலின் இரண்டு முனைகள். காயிலின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 70 ஓமிலிருந்து 100 ஓமுக்குள் இருக்கும். அதாவது காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுக்குத்தான், ஆனால் அதைக் கொண்டு நாம் ஓட்டுவது 5 ஆம்பியர் மோட்டார். இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டரால் பம்ப்பை நேராக ஓட்ட முடியாது. காயிலுக்கு எர்த் கொடுக்க மட்டும் முடியும். அதற்காகத்தான் நடுவில் இந்தக் கறுப்புப் பெட்டி.

அந்த எர்த்தை ஈசிஎம் எப்போது கொடுக்கும் என்பது ரொம்ப முக்கியம். சாவி ஆன் ஆனதும் இரண்டு மூன்று வினாடி கொடுக்கும், பிறகு எடுத்துவிடும். செல்ஃப் அடித்து, இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால் திரும்பக் கொடுக்கும். இன்ஜின் நின்றால் உடனே எடுத்துவிடும். வண்டி எங்காவது மோதி இன்ஜின் நின்று, பெட்ரோல் பைப் அறுந்திருக்கும்போது பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இதைப் பற்றிப் பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோட்டில் நிற்கும் வண்டிக்கு முதல் பரீட்சை சுலபம். ரிலே பாக்ஸில் ஹார்ன் ரிலேயோ ஏசி ரிலேயோ அதே பார்ட் நம்பரில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வண்டி ஸ்டார்ட் ஆகி ஹார்ன் செத்துப்போனால் கதை முடிந்தது. பார்ட் நம்பர் பார்க்காமல், வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றக் கூடாது. நான்கு கால் ரிலேயிலேயே இரண்டு ஜாதி உண்டு. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் உள்ளே 30ம் 86ம் இடம் மாறியிருக்கும். சிலவற்றில் காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கும். அதற்குப் பிளஸ், மைனஸ் மாறவே கூடாது. மூடியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் சின்னப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அந்தப் படத்தைப் படிக்கத் தெரியாத பையனை நான் ரிலே பாக்ஸைத் திறக்க விடுவதில்லை.

பின் சீட்டுக்கு அடியில் காலால் ஓங்கி ஒரு உதை விட்டால் சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால் ரிலே நல்லது, பம்ப்புக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து மோட்டார் ஒரு இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். ரிலேயின் தலையில் ஸ்குரூ டிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டி ஸ்டார்ட் ஆனால் பாயின்ட் கருகியிருக்கிறது.

மீட்டரை நம்பி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 87ல் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். "லைன் வருதுண்ணா, பம்ப்தான் போச்சு" என்பான் பையன். கருகிப்போன பாயின்ட் வழியாகக்கூட மீட்டருக்கு வேண்டிய கரன்ட் தாராளமாகக் கசிந்துவிடும். மீட்டர் கேட்பது அவ்வளவு கொஞ்சம். பம்ப்பின் கனெக்டரைக் கழற்றி, அங்கே ஒரு ஹெட்லைட் பல்பைத் தொங்கவிட வேண்டும். 55 வாட் பல்ப் என்றால் பம்ப் அளவுக்குக் கரன்ட் இழுக்கும். பல்ப் மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அடைப்பு. லோடு ஓடும்போதே 30க்கும் 87க்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தால், நல்ல ரிலேயில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ரிலேயை நான் வண்டியில் விடமாட்டேன்.

அதே பல்பைக் காயில் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அங்கே எர்த் கொடுப்பது ஈசிஎம். 21 வாட் பல்ப் வைத்துப் பார்த்தால்கூட ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், 0.15 ஆம்பியருக்கு உட்கார்ந்திருக்கும் டிரான்சிஸ்டர் அதோடு போய்விடும். 85, 86ஐப் பார்க்க எல்ஈடி டெஸ்ட் லேம்ப் அல்லது மீட்டர் மட்டும்தான். சில நூறு ரூபாய்க் கோளாறைத் தேடப் போய் ஈசிஎம்மைக் கொன்ற வண்டிகள் எங்களிடம் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டிருக்கின்றன. அந்த வண்டிக்காரர்களின் முகம் மறப்பதில்லை.

வெயில் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னேனே, அதைக் காட்டிய வண்டி ஒரு ஜப்பானிய செடான், தொண்ணூறுகளின் கடைசி மாடல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தார். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். மதியம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் செல்ஃப் மட்டும் சுற்றும். கண்ணாடியை இறக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். இரண்டு மூன்று இடங்களில் பார்த்து, பெட்ரோல் ஃபில்டர், பிளக், பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது. வேலை நடக்கும் நேரத்தில் வண்டி ஷெட்டுக்குள் நிழலில் நிற்கும், நன்றாக ஸ்டார்ட் ஆகும், "சரியாயிடுச்சு" என்று கொடுத்தனுப்புவார்கள். அவர் வீட்டு அம்மாவுக்கு மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய உடம்பு. நடுவெயிலில் அவர்களைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு, ஆசிரியர் என்னைத் தேடி வந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் வண்டியை விட்டுட்டுப் போங்க சார், ஆட்டோவுல அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். வண்டியை வேண்டுமென்றே வெயிலில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றினேன். கோளாறு வெளியே வரட்டும் என்று காத்திருப்பதும் வேலைதான். இரண்டு மணிக்குச் சாவி போட்டேன். இன்ஜின் லைட் எரிந்து இரண்டு வினாடியில் அணைந்தது. அதாவது ஈசிஎம் விழித்திருக்கிறது. பம்ப் சத்தம் இல்லை. அந்த வண்டியில் ரிலே இன்ஜின் பக்கம் கிடையாது, டேஷ்போர்டுக்கு அடியில், ஒரே பெட்டிக்குள் இரண்டு ரிலேயாக இருக்கும். ஒன்று ஈசிஎம்முக்கும் இன்ஜெக்டருக்கும் கரன்ட் கொடுக்கும், மற்றது பம்ப்புக்கு. 10 எம்எம் போல்ட் ஒன்றைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

மூடியைத் திறந்து, போர்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். பித்தளைக் கால் ஒரு அளவுக்கு விரியும், ஈயம் வேறு அளவுக்கு விரியும். கேபின் வெயிலும் காயிலின் சொந்தச் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் விரிந்து சுருங்கி, ஒருநாள் ஈயம் வெடித்துவிடுகிறது. குளிர்ந்தால் ஒட்டும், சூடானால் விலகும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக 60/40 ஈயம் வைத்தேன். விரிசல் கண்ட காலை மட்டும் விட்டுவிடாமல் கரன்ட் அதிகம் போகும் எல்லாக் கால்களையும் அதே கையோடு முடித்துவிட வேண்டும். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அந்த வயதுதான். திரும்ப மாட்டி, அதே வெயிலில் விட்டு மூன்றரை மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். சத்தம் வந்தது, வண்டி பிடித்தது.

புது ரிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். கிடைத்தால் புதிது நல்லதுதான். அந்த மாடலுக்கு ஒரிஜினல் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பழைய ரிலே கிடைக்கும், ஆனால் அதுவும் அதே வயதுதான், அதே ஈயம்தான். தெரிந்த கையால் வைத்த புது ஈயம் அதைவிடப் பல வருடம் நிற்கும் என்பது என் தீர்மானம்.

ரிலே தானாகச் சாவது குறைவு. இதைத்தான் கடைப் பையன்களிடம் ஓயாமல் சொல்கிறேன். கருகின ரிலேயைக் கழற்றிப் புதிதை அழுத்தினால் வண்டி ஓடும், இரண்டு நிமிட வேலை, காசும் வந்துவிடும். ஆனால் ஏன் கருகியது? டிராவல்ஸ் வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் ஒரே கோடையில் திரும்பத் திரும்ப ரிலே மாற்றிவிட்டு எங்களிடம் வந்தார். போட்டுவிட்டது வேறு கடை. ஒவ்வொரு தடவையும் புது ரிலே மட்டும் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் ரிலேயைக் கழற்றிவிட்டு, அந்தச் சாக்கெட்டிலேயே 30க்கும் 87க்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் கொடுத்தேன். இப்படிச் செய்தால் பம்ப் மீட்டர் வழியாகவே ஓடும், அது எவ்வளவு இழுக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த மாதிரி சின்னக் காரில் 4லிருந்து 6 ஆம்பியர் இருக்க வேண்டும். இது 9ஐத் தாண்டி நின்றது.

"தம்பி, டேங்க்ல எவ்வளவு போட்டு ஓட்டுறீங்க?"

"வாடகை வர வரத்தானேண்ணா போட முடியும். முந்நூறு, நானூறுன்னு போட்டுப்பேன். ரிசர்வ் லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும்."

டேங்க்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்புக்குக் குளிர்ச்சி. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவில் நாள் முழுக்க ஓட்டினால் பம்ப் வெந்துபோகும். அடியில் படிந்த கசடு முழுவதையும் வடிகட்டி இழுத்துக்கொள்ளும். சூட்டிலும் கசடிலும் தேய்ந்து முக்கி ஓடும் மோட்டார் கரன்ட்டைக் கூடுதலாக இழுக்கும். அது ரிலேயின் பாயின்ட்டைக் கருக்கும், சாக்கெட்டில் இருக்கும் பித்தளை டெர்மினலையும் சூடாக்கி விரித்துவிடும். விரிந்த டெர்மினல் லூஸ், லூஸ் என்றால் இன்னும் சூடு. அவர் வண்டியில் 87ன் சாக்கெட் ஏற்கெனவே காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருந்தது. அந்த டெர்மினலை வெட்டி, புது டெர்மினலை ஒழுங்காக கிரிம்ப் பண்ணி, வடிகட்டியோடு பம்ப்பையும் மாற்றி, கடைசியாகத்தான் ரிலே போட்டேன். ரிலேக்காக வந்தவருக்கு அன்றைக்கு ஆன செலவில் ரிலேயின் பங்கு சொற்பம். பணத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். அந்த வண்டிக்கு அதற்குப் பிறகு ரிலே கேட்டு அவர் வரவில்லை.

இப்போது வரும் வாடகை வண்டிகளில் புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. தவணைக்கு எடுத்த வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்துகிறார்கள். தூரத்தில் இருந்தே வண்டியை நிறுத்த முடியவேண்டும் என்பதற்காகப் பம்ப் வயரை வெட்டி நடுவில் இன்னொரு ரிலேயை வைக்கிறார்கள். கம்பெனி ரிலே பாக்ஸில் ஆயிரம் தேடினாலும் கோளாறு கிடைக்காது. அது கார்ப்பெட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டு சந்திலோ டேப் சுற்றி ஒளிந்திருக்கும். முறுக்கிவிட்ட ஜாயின்ட், மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப், அவ்வளவுதான். வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கிப்போகும், ஜாயின்ட் கறுத்துப்போகும். பழைய சென்ட்ரல் லாக் அலாரங்களிலும் இதே கதைதான். அதனால் போனெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்: வண்டியில் ஜிபிஎஸ், அலாரம், வேறு எது வெளியில் வைத்துப் போட்டீர்கள்? வண்டிக்காரர் சொல்லத் தயங்குவார். டாக்டரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடுங்கள் என்பேன். அந்த ஒரு பதில் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும். அப்படிப்பட்ட ஜாயின்ட்டைக் கண்டால் ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடிவிடுகிறேன். கருவியைக் கழற்றச் சொன்னால் கழற்றுவதில்லை. அது அவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் உள்ள விஷயம்.

எறும்பு, எலி, தண்ணீர் மூன்றும் இந்தத் தொழிலில் கூடவே வருபவை. மூடி சரியாகப் பொருந்தாத ரிலேக்குள் எறும்பு புகுந்து, இரண்டு பாயின்ட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்கள் பிறகு கைமாறி எங்கள் பக்கமும் வந்தன. வெளியே பாலிஷ் பளபளக்கும். ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால் கால்களில் பச்சைக் களிம்பு. பழைய கார் வாங்கப் போகிறவர் ரிலே பாக்ஸில் இருந்து ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

டூப்ளிகேட் ரிலேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரிஜினலில் பாயின்ட் வெள்ளிக் கலவை. மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும்போது பறக்கும் பொறியைத் தாங்குவதற்காக அப்படி. விலையைக் குறைக்க நினைப்பவன் முதலில் கை வைப்பது அந்த வெள்ளியில்தான். கையில் எடுத்தால் எடை குறைவு தெரியும், குலுக்கினால் உள்ளே கலகலக்கும். மூடி மேல் 40 ஆம்பியர் என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஹார்ன், ஃபாக் லைட்டுக்கு அதைப் போட்டுத் தொலைக்கலாம். பம்ப்புக்கு நான் போடமாட்டேன். நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நிற்கப்போவது அவர்கள்.

கடைசியாக, முன்னால் பாதியில் விட்ட விஷயம். ரிலே கிடைக்காத இடத்தில் அதைக் கழற்றிவிட்டு 30யும் 87யும் ஒரு வயரால் இணைத்தால் வண்டி ஓடும். எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த வித்தை. ஆம்புலன்ஸ் மாதிரி அவசரத்துக்கு நானும் செய்து அனுப்பியிருக்கிறேன், வயரில் ஃப்யூஸ் வைத்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றச் சொல்லி. ஃப்யூஸ் இல்லாத வெறும் செம்புக் கம்பியோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகளையும் பார்க்கிறேன். அந்தக் கம்பி இருக்கும்வரை பம்ப்பை நிறுத்த யாரும் இல்லை. சாவியை எடுத்தாலும் ஓடும், மோதி இன்ஜின் நின்றாலும் ஓடும், அறுந்த பைப் வழியாகச் சூடான சைலன்சர் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். சில ஃபோர்டு, ஃபியட் கார்களில் மோதினால் பம்ப்பைத் துண்டிக்கத் தனியாக ஒரு சுவிட்ச்சே வைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளத்தில் விழுந்தால்கூடச் சிலசமயம் அது ட்ரிப் ஆகிவிடும், பட்டனை அழுத்தினால் திரும்ப வரும். அதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பெட்ரோல் கசிகிறதா, வாடை வருகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

உங்கள் வண்டிக்கு ரோட்டில் யாராவது அப்படி ஒரு வயரைச் சொருகி ஸ்டார்ட் செய்து கொடுத்திருந்தால், அவருக்கு நன்றி சொல்லுங்கள், அந்த வாரமே நல்ல எலக்ட்ரீஷியனிடம் போய் அதை எடுத்துவிட்டு ஒரிஜினல் ரிலே போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் கால் பாகத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.